நல்வழக்கங்களும் அவற்றின் வரவு செலவும்

நிலத்தையும் நீரையும் காற்றையும் கெடுக்காமல் பிழைக்கவேண்டும் என்னும் எண்ணம் இக்காலத்தில் நகரங்களில் மட்டுமன்றிக் கிராமங்களிலும் பரவி வருகின்றது. மரம் நடுதல், கடைக்குத் துணிப்பை கொண்டு செல்லுதல், அறுவடைத் தாளைக் கொளுத்தாமல் மடக்கி உழுதல், சொட்டு நீர்ப் பாசனம் அமைத்தல், வேண்டாத விளக்கை அணைத்தல் முதலியவை நல்வழக்கங்கள் என்பதைப் பள்ளிப்பிள்ளைகளும் சொல்வர். இவ்வெண்ணம் போற்றத்தக்கதே. ஆயினும் ஒரு காரியம் நல்லெண்ணத்துடன் செய்யப்படுவது வேறு. அதனால் நன்மை விளைவது வேறு. புது எருவை இட்ட குடியானவர், பயிரின் பசுமையைக் கண்ட மாத்திரத்தில் அதனைப் புகழ்ந்துவிடுவதில்லை. களத்தில் நெல்லை அளந்து, எருவின் விலையைக் கழித்து, எரு இடாத அண்டை வயலோடு ஒப்பிட்ட பின்னரே முடிவு சொல்வார். சுற்றுப்புறத்தின் பொருட்டுக் கைக்கொள்ளும் வழக்கங்களையும் அவ்வாறே ஆராய வேண்டும்.

அவ்வாறு ஆராயாமல் நம்புவதால் இரண்டு நஷ்டங்கள் உண்டாகின்றன. பயனற்ற காரியத்தில் பணமும் உழைப்பும் செலவாவது முதலாவது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்னும் திருப்தியினால், உண்மையில் கிணற்றை வற்றச் செய்வதும் மண்ணைக் கெடுப்பதும் கவனிக்கப்படாமலே போவது இரண்டாவது. இவற்றுள் பின்னதே பெரிய நஷ்டமாகும்.

எந்த வழக்கத்தையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். இது எதற்குப் பதிலாகச் செய்யப்படுகின்றது? ஒரு வயலின் வரப்போடு நின்றுவிடாமல், முழுக் கணக்கில் இதன் பலன் யாது? அப்பலன் அளவில் எவ்வளவு பெரிது?

மூன்றாம் கேள்விக்கு ஓர் எளிய உதாரணம் கூறலாம். 5 குதிரைச்சக்தியுள்ள பம்பு ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரம் செலவாகும். 9 வாட் விளக்கு அதே அளவு மின்சாரத்தைச் செலவிடுவதற்கு 400 மணிக்கு மேல் எரியவேண்டும். வேண்டாத விளக்கை அணைப்பது நன்றே. ஆனால் மடை நிரம்பிய பின்னும் ஒரு மணி நேரம் பம்பை ஓடவிட்டவர், பல வாரங்கள் விளக்கணைத்துச் சேமித்ததை அந்த ஒரு மணியிலேயே இழந்துவிடுகின்றார். தமிழ்நாட்டில் விவசாயப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசமாதலால் இச்செலவு அவருடைய கைக்கணக்கில் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாததனால் செலவு இல்லையென்று ஆகிவிடாது.

ஒப்புக்கு ஒரு பாத்தி

ஒரு வழக்கத்தினால் பலன் உண்டா என்று அறிவதற்கு, அவ்வழக்கத்தைக் கைக்கொள்ளாத ஓரிடம் ஒப்பு நோக்க இருத்தல் வேண்டும். இவ்வுண்மை விவசாய ஆராய்ச்சியில் நெடுநாளாகவே வழங்கி வருகின்றது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் பண்ணையில் 1843-ஆம் ஆண்டு முதல் ஒரே வயலில் கோதுமைப் பரீட்சை நடந்து வருகின்றது. அம்முறையைப் பின்பற்றிக் கோயமுத்தூரில் 1909-ஆம் ஆண்டில் நிரந்தர எருப் பரீட்சை ஒன்று தொடங்கப்பெற்றது. சில பாத்திகளுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவை தனித்தும் சேர்த்தும் இடப்பட்டன. ஒன்றுக்குத் தொழுவெரு இடப்பட்டது. எருவே இடாத பாத்தியும் ஒன்று விடப்பட்டது. வெறும் பாத்தியைப் பார்ப்பவர்க்கு அது வீணான நிலமாகத் தோன்றும். எனினும் அப்பாத்தி இல்லையேல் மற்றவற்றின் மகசூலில் மழைக்குரிய பங்கு எவ்வளவு, எருவுக்குரிய பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது.

ராதம்ஸ்டெட் பண்ணையில் 1919-ஆம் ஆண்டில் சேர்ந்த பிஷர் என்னும் கணித நிபுணர் இதனை மேலும் திருத்தினார். ஒரே வயலிலும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் உண்டு; மடைக்கு அருகிலுள்ள பாத்தி எப்போதும் சிறிது செழித்தே இருக்கும். தாம் விரும்பும் முறைக்கு நல்ல பாத்தியை ஒதுக்கும் ஆசை யாருக்கும் உண்டாவது இயல்பு. ஆதலால் எந்தப் பாத்தியில் எந்த முறை என்பதைச் சீட்டுப் போட்டே தீர்மானிக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு முறையையும் பல பாத்திகளில் செய்து பார்க்க வேண்டும் என்றும் அவர் விதித்தார். இவ்விரண்டு விதிகளும் இன்றளவும் உலகெங்கும் கைக்கொள்ளப்படுகின்றன.

நீலகிரியில் இரண்டு ஓடைகள்

மரம் வைத்தால் நீர் பெருகும் என்பது பொதுவான நம்பிக்கை. உதகமண்டலத்திலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் இதனைக் கிளன்மார்கன் அருகே சோதித்துப் பார்த்தனர். அடுத்தடுத்துள்ள இரண்டு சிறு பள்ளத்தாக்குகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் ஓடையிலும் வருஷந்தோறும் ஓடிய நீரை முதலில் சில ஆண்டுகள் உள்ளபடியே அளந்தனர். பின்னர் 1970-களின் தொடக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் மட்டும், அதன் பரப்பில் 59 சதவிகிதத்தில், புல்வெளிக்குப் பதிலாக நீலத் தைல மரங்களை நட்டனர். மற்றதைப் புல்வெளியாகவே விட்டனர். இரண்டிலும் அளவெடுப்பது தொடர்ந்து நடந்தது.

முதற் பத்தாண்டுகளில் மரம் நட்ட பள்ளத்தாக்கின் மொத்த நீரோட்டம் சராசரி 16 சதவிகிதம் குறைந்தது. மழையில்லாத நாட்களில் மண்ணிலிருந்து கசிந்து ஓடையைக் காக்கும் அடியோட்டமோ 27 சதவிகிதம் குறைந்தது. இதற்குக் காரணம் கூறுவது எளிது. புல்லின் வேர் மேலோடியது. கோடையிலும் பனிக்காலத்திலும் புல் வாடி, நீரைக் குறைவாகவே செலவிடும். தைல மரத்தின் வேர் ஆழமாகச் செல்வது. இலை உதிராமல் ஆண்டு முழுவதும் நீரை இழுத்து ஆவியாக்கும். அன்றியும் மழையில் ஒரு பகுதி இலைகளிலேயே தங்கிக் காய்ந்துவிடும்.

இதனால் மரம் நடுதல் தீது என்று முடிவு கட்டுதல் தவறாகும். நீலகிரியில் தைல மரம் வந்தது புல்வெளிக்குப் பதிலாக. வெறும் மேட்டில் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடுமிடத்தில் மரம் நட்டால், மண் காக்கப்படும். வயல் வரப்பில் உள்ள வேம்பும் பூவரசும் நிழலும் தழையும் விறகும் தரும், காற்றைத் தடுக்கும். இப்பலன்கள் மெய்யானவை. ஆனால் ஏரியின் நீர்வரத்தைப் பெருக்கும் பொருட்டு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் விரைவில் வளரும் மரங்களை நெருக்கமாக நடுவோர், எதிர்பார்த்ததற்கு மாறான பலனை அடையலாம். எந்த மரம், எந்த மண்ணில், எதற்குப் பதிலாக, எந்தப் பலனை நாடி என்று கேட்ட பின்னரே குழி எடுப்பது முறை.

வைக்கோலின் கணக்கு

நெற்றாளையும் வைக்கோலையும் வயலில் கொளுத்துவது கெடுதல் என்பதில் ஐயமில்லை. ஒரு டன் நெல் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் 14 முதல் 20 கிலோ சாம்பல்சத்தும் உள்ளன. கொளுத்தினால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும், மணிச்சத்தில் நாலில் ஒரு பங்கும், சாம்பல்சத்தில் ஐந்தில் ஒரு பங்கும் போய்விடுகின்றன. புகையினால் மனிதர்க்கும் கால்நடைக்கும் நோய் வருகின்றது.

எனவே கொளுத்துவதற்குப் பதிலாக மடக்கி உழுதால் போதும் என்று பலர் சொல்வர். இங்கேதான் முழுக் கணக்கைப் பார்க்கவேண்டும். பச்சை வைக்கோலை உழுது, உடனே நீர் நிறுத்தி நட்டால், காற்றுப் புகாத சேற்றில் அது அழுகி மீத்தேன் வாயுவை உண்டாக்கும். எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில், இவ்வாயு கரியமிலவாயுவைக் காட்டிலும் சுமார் 27 மடங்கு பூமியைச் சூடேற்றவல்லது. பல நாட்டு அரசாங்கங்கள் கூடி அமைத்த தட்பவெப்ப மாறுதல் பற்றிய நிபுணர் குழுவின் கணக்கு முறைப்படி, ஏக்கருக்குச் சுமார் 2 டன் உலர்ந்த வைக்கோலை நடவுக்கு 30 நாட்களுக்குள் மடக்கி உழுதால், வைக்கோல் இடாத வயலைப்போல் ஏறத்தாழ 2.9 மடங்கு மீத்தேன் வெளிப்படும். அதே வைக்கோலை 30 நாட்களுக்கு முன்னரே உழுது, ஈரமும் காற்றும் பட மட்கவிட்டால் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கோடு நின்றுவிடும். ஆகவே நன்மையும் தீமையும் செய்யும் காரியத்தில் மட்டுமன்றி, செய்யும் காலத்திலும் அடங்கியுள்ளன.

தஞ்சை டெல்டாவின் குடியானவர்க்கு இது நேரே பயன்படக்கூடியது. குறுவை அறுத்துத் தாளடி நடுவதற்குள் இடைவெளி சொற்பம். அப்போகத்து வைக்கோலை வயலிலிருந்து வெளியேற்றி, மாட்டுத் தீவனமாகவோ மட்கு எருவாகவோ பயன்படுத்துவது நலம். சம்பாவும் தாளடியும் அறுத்த பின்னர் வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில், தாளை மண்ணில் உழுது மட்கவிடுவதற்கு அவகாசம் தாராளமாக உண்டு.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையும் அளந்து பார்க்கப்பட்ட ஒன்றே. பக்கங்களில் துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, அதனுள் நீர்மட்டம் நிலமட்டத்துக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கிய பின் மறுபடி நீர் பாய்ச்சுவது இதன் இலக்கணம். நட்ட முதல் இரண்டு வாரங்களும் பூக்கும் தருணமும் இதற்கு விலக்கு. அப்போது நீர் நிற்கவேண்டும். மேற்கண்ட குழுவின் கணக்குப்படி, பருவத்தில் பல தடவை வயலைக் காயவிட்டால், இடைவிடாது நீர் நிற்கும் வயலை நோக்க மீத்தேன் 45 சதவிகிதம் குறையும். இதிலும் ஒரு செலவு உண்டு. மண் காய்ந்து நனையும்போது தழைச்சத்திலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வேறொரு வாயு சிறிது அதிகமாக எழும். அது கரியமிலவாயுவைவிடச் சுமார் 273 மடங்கு வலியது. ஆகையால் இம்முறையைக் கைக்கொள்வோர் யூரியாவை அளவுக்கு மீறி இடாமல், பல தவணைகளில் பிரித்து இடுதல் அவசியம். அவ்வாறு செய்தால் மொத்தக் கணக்கு லாபத்திலேயே முடியும். எல்லா நல்வழக்கமும் சோதனையில் தோற்பதில்லை என்பதற்கு இது சான்று.

சொட்டு நீரும் கிணற்று மட்டமும்

சொட்டு நீர்ப் பாசனத்தினால் ஒரு செடிக்கு வேண்டிய நீர் குறைகின்றது என்பதைக் கண்ணால் காணலாம். ஆனால் ஊர்க் கிணறுகளின் மட்டம் அதனால் உயருமா என்பது வேறு கேள்வி.

1865-ஆம் ஆண்டில் ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளாதார நூலாசிரியர் நிலக்கரியைப் பற்றி ஒரு விந்தையைச் சுட்டிக்காட்டினார். கரியைச் சிக்கனமாக எரிக்கும் யந்திரங்கள் வந்தபோது கரிச் செலவு குறையவில்லை. யந்திரங்கள் பெருகியதால் செலவு அதிகரித்தது. நீரிலும் இது நிகழ்ந்துள்ளது. அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்துப் பாசனக் கிணறுகளைப் பற்றி 2014-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், அரசாங்க உதவியுடன் சிக்கனமான தெளிப்பான்களுக்கு மாறியவர்கள் நிலத்தடி நீரை முன்னிலும் அதிகமாகவே எடுத்தனர் என்று காணப்பட்டது. மிச்சமான நீரைக் கிணற்றில் விட்டுவைப்பதற்குப் பதிலாக, அதிகப் பரப்பிலும் அதிக நீர் வேண்டும் பயிர்களிலும் செலவிட்டதே காரணம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வாய்க்கால் பாசனத்தில் வீணாவதாகத் தோன்றும் நீர் முழுவதும் வீணன்று. வேருக்குக் கீழே இறங்கிய பகுதி அண்டைக் கிணற்றுக்கோ கீழ் மடை வயலுக்கோ போய்ச் சேர்கின்றது. சொட்டு நீரால் அக்கசிவு நின்றுவிட்டால், ஒருவரின் மிச்சம் மற்றவரின் குறைவாகும். ஆவியாகிப் போகும் நீரையும், கடலிலோ உவர்நீரிலோ கலந்து பயனற்றுப் போகும் நீரையும் தடுத்தால் மட்டுமே அது ஊருக்கே மிச்சம். ஆழ்குழாய்க் கிணற்றில் மிக ஆழத்திலிருந்து எடுக்குமிடத்தில் பம்பு ஓடும் நேரம் குறைவதும் ஒரு லாபமே. ஆனால் இரண்டு ஏக்கருக்கு இருந்த நீரைக்கொண்டு நான்கு ஏக்கர் வாழை வைப்பவர், தம் வருமானத்தைப் பெருக்கியவர் ஆவாரேயன்றி, நிலத்தடி நீரைக் காத்தவர் ஆகார். வருமானம் பெருகுவது குற்றமன்று. அதனை நீர்ப் பாதுகாப்பு என்று கணக்கெழுதுவதே பிழை.

துணிப்பையின் ஆயுள்

தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடுக்கப்பட்டுள்ளன. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கியது. இதனையும் நிறுத்துப் பார்த்தவர்கள் உண்டு. பிரிட்டிஷ் சுற்றுப்புற இலாகாவினர் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், பருத்தி விளைவித்தல், நூற்றல், நெய்தல் யாவற்றையும் கணக்கிட்டு, பூமியைச் சூடேற்றும் வாயுக்களைப் பொறுத்தமட்டில், ஒருமுறை உபயோகித்து எறியும் மெல்லிய பாலிதீன் பைக்கு ஈடாவதற்குப் பருத்திப் பை ஒன்று 131 தடவை உபயோகிக்கப்பட வேண்டும் என்று கண்டனர். காகிதப் பைக்கு அத்தொகை 3.

இதனைக் கொண்டு பாலிதீன் பையே மேல் என்று கொள்ளலாகாது. அந்தத் தொகை வாயுக்களை மட்டும் கருதியது. மாட்டின் இரைப்பையில் தங்கி உயிரைப் போக்குவதும், மதகையும் சாக்கடையையும் அடைப்பதும், வயல் மண்ணில் மட்காமல் கிடப்பதும் அதில் சேரவில்லை. கிராமத்துக்கு முக்கியமான தீங்குகள் இவையே. ஆனால் அத்தொகை ஒரு பாடம் கற்பிக்கின்றது. துணிப்பையின் புண்ணியம் அதை வாங்குவதில் இல்லை. கிழியும் வரை உபயோகிப்பதில் உள்ளது. வாரம் ஒருமுறை சந்தைக்குச் செல்பவர் ஒரே பையை இரண்டரை ஆண்டு வைத்திருந்தால் 131 தடவை நிறைந்துவிடும். கலியாணந்தோறும் தாம்பூலத்துடன் புதிய பை வாங்கி, வீட்டில் அடுக்கி வைப்பதால் அது நிறையாது. பழைய வேட்டியிலோ சிமிட்டிச் சாக்கிலோ தைத்த பை இவ்விரண்டினும் மேலானது. அதற்கென்று புதிதாக ஒன்றும் விளைவிக்கப்படவில்லை.

தத்தம் நிலத்தில் பரீட்சை

ஆராய்ச்சி நிலையங்களின் முடிவுகள் ஒவ்வோர் ஊர் மண்ணுக்கும் அப்படியே பொருந்துமென்று சொல்ல முடியாது. ஆதலால் ஒவ்வொருவரும் தம் நிலத்திலேயே சிறு பரீட்சை செய்து பார்ப்பது உசிதம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை.

ஒரே மண்ணுள்ள வயலில் சம அளவான ஆறு பாத்திகளை, அடுத்தடுத்து இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று ஜோடிகளாக வரப்பிட்டுப் பிரிக்கவும். ஒவ்வொரு ஜோடியிலும் எந்தப் பாத்திக்குப் புது முறை, எதற்குப் பழைய முறை என்பதைத் திருவுளச்சீட்டால் தீர்மானிக்கவும். விதை, நடவு நாள், களையெடுப்பு யாவும் இரண்டிற்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும். பலனை எதனால் அளப்பது என்பதை விதைக்கும் முன்னரே எழுதி வைக்கவும். அறுவடைக்குப் பின் அளவுகோலை மாற்றினால் விரும்பிய முடிவே கிடைக்கும். ஒவ்வொரு பாத்தியின் நெல்லையும் தனித்தனியே நிறுக்கவும். மூன்று ஜோடிகளிலும் புது முறையே மேலென்று காணப்பட்டாலும், மறு வருஷம் ஒருமுறை செய்து பார்த்தே முழு நிலத்திலும் கைக்கொள்ளவும். ஒரு வருஷத்து மழை மறு வருஷம் இராது.

கிணற்று நீருக்கும் ஒரு குறிப்பு வைப்பது எளிது. முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, மாதந்தோறும் குறித்த நாளில், பம்பு ஓடத் தொடங்குமுன் நீர்மட்டத்தை அளந்து, பம்பு ஓடிய மணிகளோடு ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிவரலாம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க

ஊர்க் காரியங்களில் எண்ணப்படும் எண்ணே பலனென்று கருதப்படுகின்றது. நட்ட கன்றுகள் எத்தனை என்பது பதிவாகின்றது. மூன்றாம் கோடைக்குப் பின் உயிரோடு நிற்பவை எத்தனை என்பது பதிவாவதில்லை. வழங்கிய பைகள் எத்தனை என்பது தெரிகின்றது; வாய்க்காலில் கிடக்கும் பாலிதீன் குறைந்ததா என்பது தெரிவதில்லை. சொட்டு நீர் போடப்பட்ட ஏக்கர் தெரிகின்றது. ஊர்க் கிணறுகளின் மட்டம் தெரிவதில்லை. செலவையும் முயற்சியையும் காட்டும் எண்ணோடு பலனைக் காட்டும் எண்ணையும் அதே ஏட்டில் எழுதிவந்தால், எத்திட்டத்தைத் தொடர்வது, எதனைத் திருத்துவது என்பது இரண்டு மூன்று ஆண்டுகளில் தானே விளங்கும். அருகிலுள்ள, திட்டம் வராத ஊரின் கணக்கையும் சேர்த்து நோக்கினால் முடிவு இன்னும் உறுதிப்படும்.

இவ்வாறு சோதிப்பவர்களைப் பார்த்து, நல்ல காரியத்தில் குறை காண்பவர்கள் என்று சிலர் சொல்லக்கூடும். நிறுத்துப் பார்க்கும் வியாபாரி பொன்னை இகழ்பவர் அல்லர். பித்தளைக்குப் பொன் விலை கொடுக்க மறுப்பவரே ஆவார். வைக்கோலை உழும் நாளை மாற்றுவது, மடை நிரம்பியவுடன் பம்பை நிறுத்துவது, யூரியாவை அளந்து இடுவது ஆகியவை ஊர்வலத்துக்கும் புகைப்படத்துக்கும் உரியவை அல்ல. ஆயினும் கணக்கில் எடை மிகுந்தவை இவையே. வரும் போகத்தில் ஒவ்வொரு குடியானவரும் தமது வழக்கங்களில் ஒன்றையேனும் மேற்கூறிய முறையில் ஆறு பாத்திகளில் சோதித்து, கண்ட பலனை அண்டை நிலத்தாருக்கும் தெரிவிப்பாராயின், அது ஊருக்கே பயன் தரும்.